துரைக்கு வைத்த விருந்து

தம் கடை அரிசி மூட்டைகளையே மேடையாக அடுக்கித் தந்துவிட்டு, ஏதாவது கிழிந்துவிடுமோ என்று என் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் ஜமால் முகம்மது அவர்களே, எனக்கு முன் பேசிக் களைத்த பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையும் நெஞ்சில் நெருப்பும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, சிராங்கூன் சாலையைத் தினம் கூட்டி, இன்று அதிலேயே கூடியிருக்கும் என் தோழர்களே!

அரிசி விலை ஏறியது. எவ்வளவு? நிலாவே ஒதுங்கி வழிவிட்டது. நம் சம்பளம் ஏறியதா? பாயை விட்டே எழவில்லை. உயர்த்துங்கள் என்று நகரசபையிடம் கேட்டோம். சபையில் பாதிப் பேர் கொடு என்றார்கள். பாதிப் பேர் கூலிக்காரனுக்கு என்ன குறை என்றார்கள். நேரில் பார்த்துவர, நாம் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு ஒரு துரையை அனுப்பினார்கள்.

நாம் என்ன செய்தோம்? லயனில் நம் தோழர் மாணிக்கம் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டினோம். தலைவர் வீட்டுப் பீங்கான் தட்டு, செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கி நாற்காலி, எல்லாம் இரவல். ஆட்டுக்கறி மணத்தில் பந்தயத் திடல் குதிரைகள் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தன. துரை விட்ட ஏப்பம் ஜொகூரில் கேட்டது. போய்ச் சபையில் சொன்னார்: என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள், உயர்வு எதற்கு?

பொய்யா சொன்னார்? கண்டதைச் சொன்னார்.

சிரிக்காதீர்கள். நம் தலைவர் மன்றாடியதால் துரை நாளைக் காலை மறுபடி வருகிறார். அவர் சொல்வதுதான் முடிவு. சற்றுமுன் லயனுக்குப் போனால், அங்கே மறுபடியும் வாழைமரம். மாணிக்கத்தின் மனைவி அன்னம்மா பீங்கான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாசலுக்கு வந்தவருக்குக் கஞ்சியா ஊத்துறது அண்ணே? மானம் போயிடாதா?" என்றாள்.

அதானே என்கிறார் பின்னால் ஒருவர். ஐயா, கஞ்சி குடிப்பது யாருக்கு மானக்கேடு? ஊரையே துலக்குகிற கைக்கா? அந்தக் கைக்குக் கஞ்சிதான் என்று அளந்துவைத்தவர்களுக்கா? நம் மானத்தைக் காப்பாற்றப் போய், அவர்கள் மானத்தையல்லவா காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்? மரத்தை அவிழுங்கள். தட்டைத் திருப்பிக் கொடுங்கள். துரைக்கு நம் கஞ்சியை, நம் தகரக் குவளையில், மரியாதையாக ஊற்றுங்கள்.

அட, அன்னம்மாவும் கூட்டத்துக்கு வந்துவிட்டாள், எழுந்து நிற்கிறாளே. சொல்லு தங்கச்சி.

"ஊத்துறேன் அண்ணே. ஆனா அவருக்கு ஊத்திட்டா பிள்ளைங்களுக்கு இருக்காதே."

கேட்டீர்களா?

அம்மா, இதையேதான் நாளைக்கு அவரிடமும் சொல்ல வேண்டும். ஆனால் முதலிலேயே சொல்லிவிடாதே. அவர் முதல் வாய் குடிக்கட்டும். பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கட்டும். அப்புறம் சொல்.

மூட்டை எதுவும் கிழியவில்லை, தலைவரே, இறங்குகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. விடிந்ததும் லயன் வாசலில் சந்திப்போம். வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.