மூன்றாம் பெட்டியின் கைப்பிடியில் தொங்கிய தொப்பி

தேநீரில் நான்கு கட்டி சர்க்கரை போடுகிறவனோடு நாற்பத்தைந்து நாள் ஒரே ரயில் பெட்டியில் வாழ்வது சிரமம், தோழர் அதிகாரி. ஸாகர் அப்படிப்பட்டவன். கரண்டியால் கலக்கிக்கொண்டே பாட்டு வேறு பாடுவான்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மீன் தட்டுக்கு வந்தால் போதும் உங்களுக்கு. கிழக்குக் கோடியில் நகோத்கா துறைமுகத்தில் ஏற்றும் மீன் உரால் மலையைத் தாண்டிய பிறகும் கல்லாக இருக்க வேண்டும். நான்கு குளிர்பெட்டிகள்; நடுப் பெட்டியில் அவற்றைக் குளிரவைக்கும் டீசல் எந்திரமும் நாங்கள் இருவரும். நான்கு மணி நேரத்துக்கொரு தரம் ஒவ்வொரு பெட்டியின் குளிரையும் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆளுக்கொரு நாள் முறை. பதினெட்டு வருடத்தில் என் முறையில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஸாகர் தன் முறை வந்தால் காலையிலேயே நாள் முழுவதற்கும் எழுதி முடித்துவிடுவான். கேட்டால் சிரிப்பான்.

"அட போங்க அர்காதிச், ரெண்டு டிகிரி கூடினா மீனு எந்திரிச்சு நடந்தா போயிடும்?"

இந்தப் பேச்சுக்குத்தான் நிலையத்துக்கு நிலையம் பெண்கள் அவனுக்கு உப்பு வெள்ளரிக்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவனோடு இருந்த பாவத்துக்கு எனக்கும் இரண்டு கிடைத்தது. ஜனங்களின் ரசனை அவ்வளவுதான்.

மீன் ஏற்றுவதற்கு முதல் நாள் காலிப் பெட்டிகளைக் கழுவி, மூடி, குளிரவைப்போம். உள்ளிருந்து கதவைத் திறக்க வழி கிடையாது. அதனால் கழுவப் போகிறவன் தன் தொப்பியை வெளியே கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவான். தொப்பி தொங்கும் கதவை எங்கள் ஆட்களில் எவனும் மூடமாட்டான். ஸாகர்கூட இந்த ஒன்றில் ஒழுங்காக இருந்தான். அன்றும் மாட்டியிருந்தான்.

தொப்பி நனைந்திருந்தது. உதறிக் கொண்டுபோய் எங்கள் பெட்டியில் அதன் ஆணியில் மாட்டினேன். திரும்பி வந்து மூன்றாம் பெட்டியின் கதவை மூடினேன். பிறகு குளிர் எந்திரத்தை ஓடவிட்டேன். அப்போது காலை பத்து மணி.

மறுநாள் மீன் ஏற்ற வந்தவர்கள் கதவைத் திறந்து அவனைப் பார்த்தார்கள். தொப்பியை மாட்ட மறந்த முட்டாள் என்றார்கள். நீங்கள் அதைவிட ஒரு படி மேலே போனீர்கள். பதிவேட்டில் மாலை நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் அவன் கையெழுத்து இருக்கிறது. ஆகவே எட்டுக்குப் பிறகுதான் உள்ளே போனான், யாரோ தெரியாமல் மூடிவிட்டார்கள் என்று எழுதி வழக்குக் கோப்பை மூடிவிட்டீர்கள். எட்டு மணிக்குப் பிறகு நான் துறைமுகச் சாப்பாட்டுக்கூடத்தில் நாற்பது பேர் நடுவில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். அவனுடைய சோம்பேறித்தனம் என்னைக் காப்பாற்றிவிட்டது.

இந்த அவமானத்தைத் தாங்க முடியாமல்தான் நானாக வந்திருக்கிறேன். நான்கு மணிக்கு மூன்றாம் பெட்டி மைனஸ் பதினெட்டு என்று அவன் எழுதியிருக்கிறான். நான் பார்த்தபோது பதினாறுதான். திருத்திக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கே அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். மக்கள் சாப்பிடும் மீனைப் பொய்க் கையெழுத்தை நம்பி அனுப்ப முடியாது. காரணம் அதுதான். என்னோடு இன்னொரு பயணம் வேண்டாம், வேறு எவனோடாவது அனுப்புங்கள் என்று அவன் மனு எழுதியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்று காலை அது மேசைமேல் கிடந்தது, படித்தேன். பிறகு அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நான் இரக்கமில்லாதவன் அல்ல. கழுவிய தண்ணீர் வடியப் பெட்டியின் தரையில் ஒரு துளை உண்டு. நண்பகலில் அதன் கீழே குனிந்து அவனோடு பேசினேன்.

"அந்த மனுவக் கிழிச்சுப் போடு ஸாகர். திறக்கிறேன்."

"கிழிச்சுடறேன் அர்காதிச். உங்ககூடவே வர்றேன், சாகிற வரைக்கும் வர்றேன். கதவத் திறங்க."

துண்டு துண்டாக அந்தத் துளை வழியே என் காலடியில் போட்டான். ஒரு துண்டு விடாமல் பொறுக்கினேன். ஆனால் குளிரில் நடுங்குகிறவன் பேச்சை எப்படி நம்புவது, தோழர்? வெளியே வந்ததும் இன்னொரு தாளில் எழுதியிருப்பான்.