வெள்ளிச் செம்பில் வந்த தண்ணீர்

என் முழங்கால் வலியை மேடைப்படியிலேயே கண்டுகொண்டு, கைகொடுத்து ஏற்றிவிட்ட இந்தக் கல்வி விழாவின் தலைவர், பெரியவர் வீரமுத்து அவர்களே! எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, போர்த்திய நேரம் முதல் என் முகத்தைப் பாராமல் மேலே சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் மணியம் அவர்களே! செம்பனைக் குலை வெட்டிய களைப்போடு குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கத் தொடங்கியிருக்கும் தாய்மார்களே! கூட்டம் எப்போது முடியும், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போர்டிக்சன் கடற்கரைக்கு எப்போது பறக்கலாம் என்று காத்திருக்கும் இளைஞர்களே! ரஹாங்கிலிருந்து வந்திருக்கும் இந்த அன்னபூரணத்தின் அலுத்துப்போன வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகட்டும்.

அலுத்துப்போன வணக்கம் என்றேன். மேடையில் சொல்லக் கூடாத சொல்தான். மேடையேறுகிறவர் மலர்ந்த முகத்தோடு வர வேண்டும், முழங்க வேண்டும், முடித்துவிட்டு ஒரு தட்டு மீகூன் சாப்பிட்டுப் போக வேண்டும். நானும் முழங்கியிருக்கிறேன். எத்தனை மண்டபம், எத்தனை மாலை, எத்தனை மைக்! கல்வியே கரையேற்றும் என்று கத்தினேன், கைதட்டினீர்கள். கைதட்டிய கையோடு, படியிறங்கி வந்த என்னை ஓரமாக நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டீச்சர், இந்த லிபரல் ஆர்ட்ஸ் படிச்சா என்னா வேல கெடைக்கும்?"

பாரோயில் கேட்டார்கள். சிரம்பான் பேருந்து நிலையத்தில் கேட்டார்கள். கல்யாண வீட்டில் கேட்டார்கள், கருமாதி வீட்டிலும் கேட்டார்கள். என்ன ஐயா, முன்வரிசையில்? நியாயமான கேள்விதானே என்கிறீர்களா? நியாயம்தான். பிள்ளையைப் பெற்றவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? எனக்குக் கோபமில்லை. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அவ்வளவுதான். இப்போது எங்கள் பல்கலைக்கழகமே அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டது. "அந்தச் செமினாரால் என்ன பயன்?" என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். வீட்டிலும் இதே பாட்டு, வெளியிலும் இதே பாட்டு என்றால் மனுஷி எங்கே போவாள்?

ஆகவே இன்று நான் முழங்கப் போவதில்லை. இதே தோட்டத்தில், போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் இந்த மண்டபம் இப்படி இறுக்கமாக இருக்கிறது.

முதலில் நான் நடத்தும் அந்தச் செமினார் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மேசை. அதைச் சுற்றி உயிரியல் படிக்கும் பிள்ளை, வரலாறு படிக்கும் பிள்ளை, சட்டம் படிக்கும் பிள்ளை, நாடகம் படிக்கும் பிள்ளை. நடுவில் ஒரே ஒரு விஷயம். அதை எல்லாரும் சேர்ந்து ஒரு பருவம் முழுக்கப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சட்டம் உண்டு: தன் துறைக்குள் தானே ராஜா என்று யாரும் உட்காரக் கூடாது. உயிரியலை நாடகக்காரி கேள்வி கேட்பாள். சட்டத்தை வரலாற்றுக்காரன் கேள்வி கேட்பான். கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளுக்கு முதல் வாரம் அது பிடிக்காது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். போகப் போகப் பழகிவிடும்.

இந்தப் பருவத்தின் விஷயம், இந்தத் தோட்டத்துத் தண்ணீர். மேட்டுத் தொட்டியிலிருந்து உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் குழாய்த் தண்ணீர். நகரத்துக் குழாயை இங்கே இழுத்துத் தரும்படி நீங்கள் எத்தனை காலமாகக் கேட்கிறீர்கள்! ஒவ்வொரு முறையும் என்ன பதில் வந்தது? "இருக்கிற தண்ணீர் கெட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?" அந்த ஆதாரத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தரட்டும் என்று தலைவர் வீரமுத்து எங்களைக் கேட்டார். இந்தத் தோட்டத்துப் பெண், அதே செமினாரில் நாடகம் படிக்கும் புனிதா, நம்ம ஊருக்கே நம்ம வகுப்பு வருகிறதே என்று துள்ளினாள். அவள் யார் மகள்? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர் மகள்.

வந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, வேன் நிறையப் பிள்ளைகளும் பெட்டி நிறையப் போத்தல்களுமாக வந்து இறங்கினோம். அடடா, என்ன வரவேற்பு! வாசலுக்கு வாசல் கோலம். வீட்டுக்கு வீடு வடை. வள்ளியம்மா வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து விசிறிவிட்டார்கள். உயிரியல் படிக்கும் ஜீவானந்தன் பாரோய்ப் பையன். அவன் போத்தலை நீட்டிய இடமெல்லாம் தண்ணீர் வந்தது. எதில் வந்தது? வெள்ளிச் செம்பில் வந்தது. எப்படி வந்தது? இரண்டு கையாலும் ஏந்தி வந்தது. "இந்தாய்யா, தம்பி, நல்லா ரொப்பிக்கய்யா" என்ற வாய் நிறைந்த வார்த்தையோடு வந்தது. நானும் ஒரு வாய் குடித்தேன். தேன் மாதிரி இருந்தது.

சோதனை முடிவும் தேன் மாதிரியே வந்தது. கிருமி இல்லை. துரு இல்லை. கலங்கல் இல்லை. ஜீவானந்தன் மேசையில் தாளைப் போட்டுவிட்டு, "டீச்சர், தண்ணி கிளீன்லா. எங்க வீட்டுத் தண்ணியவிட கிளீன்" என்றான். சட்டம் படிக்கிற பெண் பேனாவை மூடிவிட்டாள். தண்ணீர் சுத்தம் என்றால் வழக்கு ஏது, வாதம் ஏது? இறுதி அறிக்கையில் என்ன எழுதுவோம்? தோட்டத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதுவோம். அந்தத் தாள் வெளியே போனால் உங்களுக்கு நகரத்துக் குழாய் வருமா? இந்த ஜென்மத்தில் வராது.

அப்போது புனிதா கையைத் தூக்கினாள். நாடகக்காரி உயிரியலைக் கேட்கலாம் என்பதுதானே எங்கள் சட்டம்? கேட்டாள்.

"ஜீவா, இந்தத் தண்ணிய நீ கொழாயில புடிச்சியா?"

"இல்ல, வீட்ல குடுத்தாங்க."

"எதுல குடுத்தாங்க?"

"செம்புல. வெள்ளிச் செம்பு."

"வீட்ல நாங்க பிளாஸ்டிக் கப்புலதான் குடிப்போம். செம்பு சம்பந்தி வந்தாத்தான் வெளிய வரும். நீ பாத்தது வரவேற்பு. ஆளாளுக்கு அவங்கவங்க வேஷத்த நல்லா செஞ்சாங்க, நீ பாத்து ஏமாந்துட்ட. முன்னாடி நாளே தண்ணிய கொதிக்க வெச்சி, வெள்ளத் துணியில வடிகட்டி, ஆற வெச்சிட்டாங்க." இவ்வளவு சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மா அதுகூட செய்யல. கடையில மினரல் வாட்டர் வாங்கியாந்து செம்புல ஊத்தினாங்க."

சிரிக்கிறீர்கள். அன்று மேசையிலும் முதலில் ஒருவன் சிரித்தான். புனிதா அழுவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீலாவதி அம்மா, பின்வரிசையில் மகள் பக்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எதற்கம்மா மூடுகிறீர்கள்? நீங்கள் செய்தது பொய்யா? பித்தலாட்டமா? வீடு தேடி வந்த பிள்ளைக்குக் கெட்ட தண்ணீரைக் கொடுக்க உங்களுக்குக் கை வரவில்லை. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் சோதனைக்கு என்று கேட்டால் சாக்கடைத் தண்ணீரைக்கூட அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். நம் சனம் மட்டும்தான், கெட்டதை நிரூபிக்க வந்தவனுக்கும் நல்லதை எடுத்து நீட்டும்! இதை எந்த ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும்? எந்தக் கண்ணாடிக் குழாய் காட்டிக் கொடுக்கும்? ஜீவானந்தன் கெட்டிக்காரன், அவன் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் போத்தலுக்குள் இருந்ததை மட்டும் பார்க்க அவனுக்குத் தெரிந்தது. போத்தலை நிரப்பிய கையைப் பார்க்கத் தெரிந்தவள் புனிதா. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. தனித்தனி வகுப்பில், தனித்தனிக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் தப்பான முடிவுக்கு முழு மதிப்பெண் வாங்கியிருப்பான். இவள் எங்கோ ஒரு நாடகத்துக்கு வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள். நீங்கள் காலமெல்லாம் துணியில் வடிகட்டிக்கொண்டிருப்பீர்கள்.

என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டீர்களே, இதுதான் அந்த வேலை.

கைதட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை. கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சேதி புனிதா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மணியம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மனிதர் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. "டீச்சர், லயத்துல இருந்தாலும் நாங்க மானத்தோட இருக்கோம். பெத்தவ செஞ்சத நாலு பேர் முன்னாடி வெச்சி சொல்றதுக்கு ஒரு படிப்பா? இந்தப் பருவத்தோட நிறுத்திக்கறேன். சிரம்பான்ல கணக்கியல் இருக்கு, அதுல போட்டுடறேன்" என்றார். பிள்ளைகள் இன்னொரு முறை வந்து குழாயிலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஒரு தடவ வந்தது போதும்" என்றார்.

வாதாடத் தெம்பு இல்லை. இத்தனை ஆண்டு பேசிப் பேசிச் சேர்த்த சொல்லில் ஒன்றுகூட அப்போது உதவவில்லை. போனை வைத்துவிட்டேன். ஒரு மகளை இப்படி இழக்கத்தானா இந்த மேசையைப் போட்டோம் என்று இருந்தது.

அடுத்த வாரம் இறுதி அமர்வு. மேசையில் இப்போதும் அந்தத் தேன் போன்ற தாள்தான் கிடக்கிறது. வேறு தாள் எங்களிடம் இல்லை.

தலைவர் அவர்களே, நேரமாகிறது என்று கடிகாரத்தைத் தட்டுகிறீர்கள். இதோ முடிக்கிறேன். தொண்டை வறண்டுவிட்டது. எனக்காக இங்கே ஒரு போத்தல் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். மூடிகூடத் திறக்காத கடைத் தண்ணீர். மிக்க நன்றி. ஆனால் மேடையேறுமுன் மண்டபத்துப் பின்னால் உள்ள குழாயில் நானே ஒரு தம்ளர் பிடித்து வந்தேன். அது இதோ இருக்கிறது. எங்கள் தாள் சுத்தம் என்கிறதே? உங்கள் செயலாளர் மறுசோதனை வேண்டாம் என்கிறாரே? அப்படியானால் நான் ஏன் பயப்பட வேண்டும்? குடித்துவிட்டே மிச்சத்தைப் பேசுகிறேன்.

மணியம்! என்ன இது? கையை விடுங்கள், தண்ணீர் சேலையில் கொட்டுகிறது. என்ன சொன்னீர்கள்? இப்படி என் காதுக்குள் சொன்னால் எப்படி? இந்தாருங்கள் மைக்.

"அத குடிக்காதீங்க டீச்சர். அது நல்ல தண்ணி இல்ல. சின்னப் புள்ளைங்களுக்கு நாங்களே குடுக்கறது இல்ல. குளிச்சாலே ஒடம்பு அரிக்குது."

பின்வரிசைக்குக் கேட்டதா? புனிதாவுக்குக் கேட்டதா? மணியம், மேசையில் உங்கள் மகள் சொன்னதும் இதைத்தானே? வீட்டை அவமானப்படுத்தச் சொன்னாளா? அடுத்தவன் வீட்டுப் பிள்ளை ஏமாந்து போகக் கூடாதே என்று சொன்னாள். நீங்கள் என் கையைப் பிடித்தீர்களே, எதற்காகப் பிடித்தீர்கள்? அதே காரணத்துக்காகத்தான் அவளும் கையைத் தூக்கினாள். உங்கள் பிள்ளை வேறு எங்கிருந்து அதைக் கற்றிருப்பாள்?

வேண்டாம், கண்ணைத் துடைக்காதீர்கள், நானும் அழுதுவிடுவேன். எனக்கு இந்த வயதில் மேடையில் அழத் தெம்பில்லை. சொல்லுங்கள், இந்தச் சனிக்கிழமை நாங்கள் வரலாமா?

"வாங்க டீச்சர். செம்பு வேணாம், ஒன்னும் வேணாம். கொழாயிலேயே புடிச்சிக்கட்டும்." இன்னும் ஏதோ சொல்கிறார், பொறுங்கள். "போத்தல புனிதா கையில குடுங்க. அவ செமினார அவளே முடிக்கட்டும்."

இப்போது கைதட்டுங்கள். எனக்கல்ல, அவருக்கு.

தலைமை தாங்கிய பெரியவருக்கும், மைக்கை வாங்கி ஊருக்காக உண்மை பேசிய செயலாளருக்கும், முந்தானையை விலக்கி இப்போது நிமிர்ந்து பார்க்கும் நீலாவதி அம்மாவுக்கும், இவ்வளவு நேரம் மோட்டாரை மறந்து உட்கார்ந்திருந்த இளைஞர்களுக்கும் என் நன்றி. என் களைப்பு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை வரைக்கும் உடம்பு தாங்கும். தாய்மார்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்கு எங்களுக்காக எதையும் கொதிக்க வைக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் நாங்களே கொண்டுவருகிறோம். வணக்கம்.