கண்ணாடிக்குள் ஒரு கரப்பு

"எங்கட அப்பா இண்டைக்கும் கரப்பாலதான் மீன் பிடிச்சவர். அதைப் போய் அந்தக் காலத்துப் பொருளெண்டு கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க புள்ள. அப்பாட்ட எப்பிடிச் சொல்ற?"

செங்கலடி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு கெம்பஸ் மாணவிகள். நுழைவுக் காசில்லாத நூதனசாலையாகத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பேசியவள் வாவியோரத்துக்காரி. மற்றவளுக்கு ஊர் வாவிக்குத் தொலைவான உன்னிச்சை.

"கூடை மாதிரிக் கிடந்ததே, அதுவா? அதுக்குள்ள மீன் எப்பிடிப் போகும்?"

"மீன் போறல்ல. மீனைக் கண்டதும் மேல கவுக்கிற. மறுகா மேல்வாயால கையை விட்டுப் பிடிக்கிற."

"உள்ள பாம்பு இருந்தா?"

"அதை நானும் அப்பாட்டக் கேட்டதில்ல."

உன்னிச்சைக்காரி கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்ட வரட்டா? அங்கயும் டிக்கட் இல்லத்தானே?"

"இல்ல. ஆனா அங்க தொடாமப் பாக்கேலாது."