கை வைக்காத படம்

– கண்ணத் தொறக்க வேணாம் தம்பி. மூடின கண்ணாவே இருக்கட்டும். அதச் சொல்லத்தான் வந்தேன்.

– இன்னா அண்ணி, காரியம் முடியாம வெளிய வரலாமா நீங்க? ஆரணி கடத்தெருவே பார்த்திருக்குமே.

– பின் சந்து வழியா வந்தேன். யாரும் பாக்கல.

– தசரதன் அண்ணன்தானே ஆர்டர் குடுத்தாரு. எங்கண்ணன் படத்துல பொணமா தெரியக்கூடாது, கண்ணத் தொறந்து வெச்சுடு ராஜவேலுன்னாரு. வேல முடிஞ்சிடுச்சு.

– கொழுந்தனாரு ஆயிரம் சொல்லுவாரு. செத்தவருக்குப் பொண்டாட்டி நான் சொல்றேன். கல்யாணப் படம் ஒண்ணு கெடக்குது, அத மாட்டிக்கிறோம்.

– அது இருவது வருசத்துப் படம். சக்கரவர்த்தி அண்ணன் அதுக்கப்பால கேமரா முன்னாலயே நிக்கலியாமே. வந்தது வந்துட்டீங்க, ஒரு தடவ பாருங்க.

– ஜல்தி காட்டு.

– இதோ.

– இது அவரு கண்ணு இல்லியே.

– தசரதன் அண்ணன் கண்ணு. கூடப் பொறந்தவரு, ஒத்து வரும்னு இதே ஸ்டூல்ல உக்கார வெச்சு எடுத்து ஒட்டினேன்.

– அதான் சாந்தமா இருக்குது. அவரு மொறச்சா பத்து தறியும் நின்னுடும். கெடக்கட்டும், இதுவே போதும். கவர்ல போட்டுக் குடு, கெளம்புறேன்.

– செத்த உக்காருங்க அண்ணி. கதவ சாத்திட்டு வரேன்.

– பட்டப்பகல்ல கதவ எதுக்கு சாத்துற?

– மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. பெரிய பேஜாரா இருக்குது. போன வருசம், ரெண்டாயிரத்தி ஏழுல இந்த டிஜிட்டல் கேமரா வாங்கினேன் பாருங்க, அதுல எடுக்குற ரா படமெல்லாம் கம்ப்யூட்டர்ல லைப்ரரின்னு ஒண்ணுல போட்டு வெச்சிருக்கேன்.

– ராவா?

– கேமரா பிடிச்சது பிடிச்சபடி. ஃபிலிம்ல நெகட்டிவ் இருக்குமே, அந்த மாதிரி. கண்ண ஒட்டுற வேலையெல்லாம் லைப்ரரில ஆவாது. அங்கேர்ந்து ஒரு நகல் போட்டோஷாப்புக்குப் போவும். முடிச்சு சேவ் பண்ணா, அந்த நகலு அசலுக்குப் பக்கத்துலயே வந்து உக்காந்துக்கும். அசல்ல ஒரு பொட்டு கூட மாறாது.

– இதெல்லாம் எனக்கெதுக்கு தம்பி?

– அன்னிக்கு ரூம்புக்குள்ள கும்பல் தள்ளிச்சில்ல, நான் கேமராவ தல மேல தூக்கிப் பிடிச்சு, பாக்காமலே அமுக்கிகினு இருந்தேன். ஒம்பது படம். கண்ணு ஒட்டினது மொதப் படத்துல. இப்ப ஏழாவதப் பாருங்க.

– இதுக்கும் கொழுந்தனாரு கண்ணத்தான் ஒட்டினியா?

– பக்கத்துல நகலு இருக்குதா பாருங்க. இல்ல. இது அசலு. நான் கை வெக்கல.

– வெளிச்சம் பட்டு அப்படித் தெரியுது.

– நானும் அப்படித்தான் நெனச்சேன். ஏழுல கேமராவப் பாக்குற கருவிழி, எட்டுல வலது பக்கம் திரும்பிடுச்சு. ஒம்பதுல மூடிகிச்சு. அடியில நேரம் இருக்குது, பத்து நாப்பத்திரெண்டு. பதினோரு மணிக்குத் தூக்கினாங்க. ஆத்தங்கரையில தீ வெக்கும்போது பன்னெண்டு.

– கம்பவுண்டரு நாடி பாத்துதானே சொன்னாரு.

– அவரு பாத்தது விடியக்காலையில. டாக்டர யாரும் கூப்புடல.

– யார் யாருக்குக் காட்டின இத?

– யாருக்கும் இல்ல. தசரதன் அண்ணன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? கொள்ளி வெச்சதே அவருதானே. கேமரா பின்னால இருக்குற ஸ்க்ரீன அங்கயே ஒரு தடவ பாத்திருந்தா, நிறுத்துங்கடான்னு கத்தியிருப்பேன். வெளிய பட்டாசு வெடிச்சிகினு இருந்தாங்க. நான் பையில போட்டுகினு வந்துட்டேன்.

– உன் மேல தப்பில்ல தம்பி. கண்ணத் தொடச்சுக்க.

– இன்னொண்ணும் இருக்குது. ரா படத்துல, இருட்டா இருக்குற எடத்த வெளுக்க வெச்சா உள்ள இருக்கிறது தெரியும். அண்ணன் திரும்பிப் பாக்குற பக்கம் கும்மிருட்டு. வெளுக்க வெச்சேன்.

– இன்னா தெரிஞ்சுது?

– ஒரு பொம்பள நிக்கிறாங்க. மூஞ்சி படத்துக்கு வெளிய போயிடுச்சு. கை தெரியுது. கையில மாவுக்கட்டு.

– அத ஏன் சுத்தி வளைக்கிற? இந்தக் கைதான். இந்தக் கட்டுதான்.

– அவ்ளோ பக்கத்துல நின்னுகினு இருந்தீங்க அண்ணி. உங்களத்தான் பாக்குறாரு.

– அழிச்சுடு. அசலு, நகலு, ஒண்ணு விடாம.

– அழிச்சுடுறேன். அதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிடுங்க. அழுதுகினு இருந்தீங்க, கும்பல்ல கவனிக்கல, அதானே? அதக் கேட்டா எனக்குச் சோறு எறங்கும்.

– இந்தக் கைய முறிச்சப்போ பாத்தாரே, அதே பார்வ. நல்லாவே பாத்தேன் தம்பி. பாத்துட்டுதான் கொழுந்தனாரக் கூப்ட்டு, நேரமாவுது, ஜல்தி தூக்குங்கன்னு சொன்னேன்.