தேசப்பன் கூப்பிட்ட பேரு

கப்பலுக்குப் பாய் போயி புகை வந்த காலம். அப்போ நம்ம மட்டிக்குப்பத்துல தேசப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க அப்பாவோட தாத்தா. அவரு எறங்கினா அலையே ஒதுங்கும்னு சொல்லுவாங்க.

அந்தக் காலத்துல ஆஸ்திரேலியாவுலேர்ந்து கப்பல் கப்பலா பட்டாளத்துக்குக் குதிரை வருமாம். ஒரு தடவை ஒரு குதிரை மிரண்டு கடல்ல குதிச்சிருச்சாம். இவரு நீந்திப் போயி, அது கழுத்தைக் கட்டிக்கினு, பேசிப் பேசியே கரை சேர்த்தாராம். குதிரைக்கார தொரை பார்த்தான். "எங்கூட வந்துடு"ன்னான்.

பொண்டாட்டி இடுப்புல கைக்கொழந்தை. "போவாதய்யா"ன்னு அழுதுச்சாம். "அடுத்த குதிரைக் கப்பல்ல வந்துடுவேன் புள்ள"ன்னாராம். அடுத்த கப்பல் வந்துச்சு. அதுக்கடுத்த கப்பலும் வந்துச்சு. ஆளு வரலை.

ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கினு போன தொரை அங்க செத்துட்டான். திரும்ப வழியில்ல. காட்டுல குதிரை பழக்கிக்கினு கெடந்தாராம். அப்போதான் மொத உலக யுத்தம்னு அந்தப் பெரிய சண்டை வந்துச்சு. குதிரைப் பட்டாளத்துக்கு ஆளெடுத்தாங்க. கருப்புத் தோலு வாணாம்னாங்களாம். யாரும் ஏறாத குதிரை மேல ஏறிக் காட்டினாராம். சேர்த்துக்கினாங்க. சண்டைக்கு ஆசைப்பட்டா சேர்ந்தாரு? பட்டாளக் கப்பல் கொழும்பு வழியாப் போவுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. கொழும்பு வந்தா வூடு வந்த மாதிரி.

கொழும்பு வந்துச்சாம். அவரை எறங்க விடலையாம். ஓரத்துல நின்னு கரையைப் பார்த்துக்கினே போனாராம்.

அப்பால பாலஸ்தீனத்து மணலு. துருக்கிக்காரனோட சண்டை. குதிரையை விட்டு எறங்கி ஓடச் சொன்னாங்க. ஓடினாரு. தொடையில குண்டு. ரெண்டு பக்கத்துப் பட்டாளமும் பதுங்கியிருந்த பள்ளத்துக்கு நடுவுல வெட்டவெளியில விழுந்துட்டாரு. தலையைத் தூக்கினவனை எல்லாம் சுடுறான். யாரு போவ முடியும்? வெயிலு ஏற ஏறக் கத்தினாராம், கத்தினாராம். பொழுது சாயச்சே சத்தம் நின்னுபோச்சு.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா, சண்டை முடிஞ்சு ரொம்ப நாளு கழிச்சு, முர்ரேன்னு ஒரு தொரை குதிரைக் கப்பல்ல வந்தான். அவரோட ஒரே பட்டாளம். அன்னிக்குப் பக்கத்துப் பள்ளத்துல பதுங்கிக் கெடந்தவன். பேச்சை மாத்திச் சொல்ல ஒரு துபாஷியையும் கூட்டிக்கினு குப்பத்துக்கு வந்தான்.

தேசப்பன் பொண்டாட்டி, அந்தம்மா முன்னாடி தொப்பியைக் கழட்டிக்கினு நின்னானாம். "நீதான் தண்ணியா?"ன்னு கேட்டானாம்.

தொரை சொல்றான்: "பகல் முழுக்க 'தண்ணி, தண்ணி'ன்னு கூப்பிட்டான். இங்கிலீஷே மறந்துபோச்சு அவனுக்கு. பொண்டாட்டியைக் கூப்பிடுறான்னு நெனச்சோம். 'தண்ணி நல்லாயிருக்கா, நீ பேசாம படு'ன்னு நானும் கத்தினேன். கல்லு வீசுற தூரந்தான். எங்கிட்ட குடிக்க பாதி பாட்டில் இருந்துச்சு. தாகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீசியிருப்பேன். அவன் ஒண்ணும் கேக்கல. உன்னைத்தான் கூப்பிட்டான்."

துபாஷி அதைத் தமிழ்ல சொல்லி முடிச்சிட்டு அந்தம்மாவைக் கேட்டாராம்: "எம்மா, இவங்கிட்ட அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லட்டா?"

அந்தம்மா தொரை மூஞ்சைப் பார்த்துச்சாம். நல்ல சேதி கொண்டாந்தவன் மாதிரி நிக்கிறான்.

"வாணாம். நான்தான் தண்ணின்னு சொல்லு."

தொரை கண்ணைத் தொடச்சிக்கினு போயிட்டான். அவன் தோணி அலையைத் தாண்டுற வரைக்கும் அந்தம்மா கரை மேட்டுல நின்னுச்சாம். அப்பால அந்த மணல்ல விழுந்து, "ஒரு வாய் குடுக்க நாதியில்லாம போச்சே"ன்னு மார்ல அடிச்சிக்கினு அழுதுச்சாம். தேத்திப் பார்த்தாங்க. தேறல.

மறுநாள்லேர்ந்து சாவுற வரைக்கும், விடிஞ்சா ஒரு குடம் தண்ணியை அந்த மேட்டு மணல்ல கொண்டுபோயி ஊத்துமாம். ஊத்த ஊத்தக் காஞ்சுபோவும். மறுபடி ஊத்தும். "அப்பாவுக்குப் போய்ச் சேராதும்மா"ன்னு மவன் சொன்னா, "தெரியும்டா"ங்குமாம்.

அதான் அதுக்குத் தண்ணியம்மா மேடுன்னு பேரு. இன்னிக்கும் நம்ம குப்பத்துல சாவு விழுந்தா முதக் குடத்தை அங்கதான் ஊத்துறோம். அந்தம்மாவோட சொந்தப் பேரு இன்னான்னா, எங்க வூட்டுலயே ஒருத்தருக்கும் தெரியாது. தொரையாண்ட அப்படிச் சொன்னதுக்கு அப்பால, வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா அது திரும்பிப் பார்க்கலையாம்.