தொடைக்கு வாங்கின கிறீம்

சுன்னாகத்தில் மினிபஸ் ஏறிய பெண், முகத்தைச் சால்வையால் மூடியிருந்தாள். எனக்குப் பின் சீட்டில் இருந்த, தனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்:

"என்ரை மனுசன்ரை தொடைக்கு வாங்கின கிறீமை நான் முகத்துக்குப் பூசிப்போட்டன் அக்கா."

"ஐயோ, ஏனடி?"

"திருவிழாவிலை ஈர வேட்டியோடை கோயில் வீதியிலை உருண்டு பிரதட்டை பண்ணி அவருக்குப் படர்தாமரை வந்தது. பார்மசியிலை கேட்டு வாங்கினவர். பூசின இடம் வெள்ளையா வந்ததைக் கண்டு நானும் பூசினன்."

"பிறகு?"

"முதல்லை முகம் பளபளத்தது. பூசுறதை விட்ட உடனை எரிஞ்சு பொங்கிட்டுது. டொக்டரிட்டைப் போய்க் காட்டினன். அதுக்குள்ளை ஸ்டீரொயிட் கிடக்காம். டொக்டரைக் கேக்காமல் ஆரும் பூசக் கூடாதாம், அவரும்தான். அவர் ஏசேல்லை, ஆறுதலாத்தான் சொன்னவர்."

"முதல்லை அந்த ரியூப்பை எறி."

"அது இப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டை அக்கா. என்ரை முகம் பளபளத்ததைக் கண்டு வாங்கிக்கொண்டு போனவள். வாற கிழமை அவளின்ரை தாலிக்குப் பொன்னுருக்கு. போன் எடுத்துச் சொன்னனான். முகம் நல்லா வெள்ளையா வருது, கலியாணம் முடியட்டும் எண்டுறாள்."

கொக்குவிலில் அக்கா அந்தச் சால்வையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள்.

"போனிலை சொன்னா அவளுக்கு விளங்காது. நேரை போ. போய் அந்தச் சால்வையை எடுத்துப்போட்டு நில்லு."