'பி'யில்தான் போட்டேன்

மனைவி: நம்ம வண்டியை அந்தரத்துல தூக்கி வச்சு வயித்தைத் திறந்து போட்டிருக்காங்க பாருங்க. இந்தக் கண்ணாடி வழியா பார்க்கிறப்ப பாவமாத்தான் இருக்கு.

கணவர்: வந்து உக்காரேன். ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொன்னாங்கள்ல.

மனைவி: உக்காந்து பழகின இடம்தானே. இந்த சோஃபாவுல என் உருவமே பதிஞ்சிருக்கும். இது எத்தனாவது தடவை... ஆறா?

கணவர்: ஏழு.

மனைவி: ஏழா? எனக்குத் தெரிஞ்சு ஆறுதான்.

கணவர்: ...ஆறுதான். ஆறு. வாய் தவறிருச்சு.

மனைவி: நான் வேணா எண்ணிச் சொல்றேன். வாங்கின மூணாவது வாரம், ரெண்டாவது கியர்லருந்து மூணுக்குப் போறப்ப பின்னாலருந்து யாரோ எட்டி உதைச்ச மாதிரி ஒரு குலுக்கல். அது ஒண்ணு. அப்புறம் நெடுஞ்சாலையில லாரி பின்னாடி வர்றப்ப எஞ்சின் மட்டும் உறுமுது, வண்டி நகரலை...

கணவர்: அதை விடேன் இப்ப.

மனைவி: அதுக்கப்புறம் அந்த விசில் சத்தம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் மேடம், இனிமே வெண்ணெய் மாதிரி போகும்."

கணவர்: அவங்க பேசுற மாதிரியே பேசுறே.

மனைவி: நீங்க பேசின மாதிரியும் பேசட்டுமா? "உனக்கு ஆட்டோமேட்டிக் ஓட்டத் தெரியலை. காலைப் பூப் போல வைக்கணும். இது என்ன மாவு மிஷினா?"

கணவர்: ஆரம்பத்துல சொன்னது அது.

மனைவி: பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தினதில்லை... அதுவரைக்கும்.

கணவர்: காபி எடுத்துக்க.

மனைவி: மாமாவுக்குத்தான் இந்த வண்டின்னா உயிரு. வந்த அன்னிக்கு ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "கப்பலைக் கொண்டாந்து கரையில நிறுத்திட்டானே எம் பையன்"னார். ஏறத் தெரியாம, ஒரு காலை உள்ள வச்சுட்டு அப்படியே நின்னார், ஞாபகம் இருக்கா?

கணவர்: ம்.

மனைவி: நீங்கதான் இடுப்பைப் பிடிச்சு ஏத்தி விட்டீங்க.

கணவர்: சர்வீஸ் அட்வைசர் வர்றாரு. கொஞ்சம் சும்மா இரு.

அட்வைசர்: வணக்கம் சார், வணக்கம் மேடம். காபி வந்துச்சா? கம்பெனிக் கடுதாசி கிடைச்ச உடனே வந்துட்டீங்க, ரொம்ப நல்லது. நிறையப் பேர் வர்றதே இல்லை, நாங்க போன் மேல போன் போட வேண்டியிருக்கு.

மனைவி: கடுதாசியில பாதி புரியலை எனக்கு. பாதுகாப்பு நடவடிக்கையாக, முன்னெச்சரிக்கையாகன்னு நாலு பக்கம். என்னதான் கோளாறு?

கணவர்: பார்ட் மாத்துறாங்க, அவ்வளவுதான்.

மனைவி: அவர் சொல்லட்டுமே.

அட்வைசர்: காட்டவே செய்யறேன் மேடம். கழட்டின பார்ட் இதோ. கியர்பாக்ஸ் உள்ள இருக்கிற பூட்டு இது. நீங்க வண்டியை நிறுத்திட்டு 'பி'ல, அதாவது பார்க்கிங்ல போட்டா இந்த நாக்கு போய்ப் பல்சக்கரத்துல மாட்டணும். மாட்டினா வண்டி அசையாது. இந்த முனை வார்ப்புலயே சரியில்லை. பாருங்க, மழுங்கியிருக்கு.

மனைவி: இத்தனூண்டா? சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

அட்வைசர்: ஆமா மேடம். சில சமயம் மாட்டும், சில சமயம் மாட்டாது.

மனைவி: மாட்டலைன்னா மீட்டர்ல காட்டாதா?

அட்வைசர்: அதுதான் சிக்கலே. மீட்டர்ல 'பி'ன்னுதான் காட்டும். நீங்க பட்டன் அழுத்தினது அதுக்குத் தெரியும். உள்ள மாட்டுச்சா இல்லையான்னு தெரியாது.

மனைவி: அப்ப 'பி'ல போட்டுட்டு இறங்கினா...

அட்வைசர்: சமதரையில ஒண்ணும் ஆகாது. சரிவா இருந்தா... உருளும்.

மனைவி: இன்னொரு தடவை சொல்லுங்க.

அட்வைசர்: மேடம்?

மனைவி: 'பி'ல போட்டாலும்...

அட்வைசர்: 'பி'ல போட்டாலும் உருளும் மேடம். ஓட்டுறவங்க மேல ஒரு தப்பும் இல்லை.

கணவர்: சரிங்க. புதுசு மாட்டிட்டா முடிஞ்சுதுல்ல? நேரமாகுது, கொஞ்சம் சீக்கிரம்...

அட்வைசர்: முடிஞ்சிரும் சார். சொல்லப்போனா, சார் அன்னிக்கே சரியாச் சொன்னாரு. எங்க மரமண்டைக்குத்தான் ஏறலை.

கணவர்: அதெல்லாம் இப்ப எதுக்கு?

மனைவி: என்னிக்குச் சொன்னாரு?

கணவர்: பொதுவா, கியர் குலுங்குதுன்னு...

அட்வைசர்: இல்லை சார், தனியா வந்தீங்களே. புகாரை எழுதின அந்த ஜாப் கார்டு நான் போட்டதுதான், இந்த ஃபைல்லயே இருக்கும்... இதோ. போன செப்டம்பர், நாலாம் தேதி. "பார்க்கிங்கில் நிறுத்திய வண்டி தானாக உருண்டது."

மனைவி: நாலாம் தேதி.

அட்வைசர்: ஆமா மேடம்.

மனைவி: கீழ நீங்க என்ன எழுதியிருக்கீங்க?

அட்வைசர்: "சோதித்ததில் கோளாறு எதுவும் தென்படவில்லை"ன்னு... மேடம், கம்ப்யூட்டர்ல எரர் காட்டலைன்னா அப்படித்தான் எழுதணும்னு மேலருந்து உத்தரவு. அதே வாரம் இதே புகாரோட இன்னும் ரெண்டு வண்டி வந்துச்சு. அதுலயும் அதையேதான் எழுதினேன். மனசு உறுத்தத்தான் செஞ்சுது. ஏன் மேடம்... யாருக்காவது அடிகிடி பட்டுச்சா?

கணவர்: இல்லைங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லை.

அட்வைசர்: மேடம்?

மனைவி: அதான் சாரே சொல்லிட்டாரே.

அட்வைசர்: நல்லவேளை. சரி, நான் போய் மெக்கானிக்கை முடுக்கி விடுறேன்.

மனைவி: அந்தப் பார்ட்டை இங்கேயே வச்சுட்டுப் போறீங்களா? கொஞ்ச நேரம் பார்த்துட்டுத் தர்றேன்.

அட்வைசர்: கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் மேடம்... சரி, போறப்ப குடுங்க.

மனைவி: காபி ஆறுது.

கணவர்: ஏதாவது பேசு.

மனைவி: பன்னெண்டாம் தேதி. நான் கேட்டுக்கு வெளிய நிறுத்தினேன். தெருவுலருந்து கேட்டுப் பக்கம் சரிவு. 'பி'ல போட்டுட்டு, கேட்டைத் திறக்கலாம்னு இறங்கினேன். சத்தம் கேட்டு மாமா உள்ளருந்து வந்து திறந்துட்டார். "இரும்மா, நான் திறக்கிறேன்"னார். அவ்வளவுதான். என் கண்ணு முன்னாடி, கேட்டுத் தூணுக்கும் வண்டிக்கும் நடுவுல...

கணவர்: போதும்மா.

மனைவி: எட்டு நாள். உங்களுக்கு எட்டு நாள் இருந்துச்சு.

கணவர்: ஆபீஸ்ல, கீழ்த்தள பார்க்கிங்ல நடந்துச்சு. இறங்கி நாலடி வச்சிருப்பேன். திரும்பிப் பார்த்தா வண்டி போய்த் தூண்ல முட்டிக்கிட்டு நிக்குது.

மனைவி: அந்த பம்பர் கீறலா? வாட்ச்மேன் ஸ்கூட்டரைக் கொண்டாந்து இடிச்சுட்டான்னீங்க.

கணவர்: ஆமா.

மனைவி: அந்த வாட்ச்மேனை நான் ஒரு வாரம் திட்டினேன்.

கணவர்: ...ஆமா.

மனைவி: ஏன் சொல்லலை?

கணவர்: நீ வேண்டவே வேண்டாம்னு சொன்ன வண்டி. சின்னதா ஒண்ணு போதும், பிள்ளைங்க வெளியூர்ல, இருக்கிறது மூணு பேர்னு சொன்னே. நான்தான் ஒத்தைக் கால்ல நின்னு வாங்கினேன். அது ஒவ்வொரு தடவை மக்கர் பண்றப்பவும் நீ வாயைத் திறக்க மாட்டே. ஒரு பார்வை பார்ப்பே. அது...

மனைவி: ஒரு பார்வை.

கணவர்: இன்னொரு தடவை அந்தப் பார்வையை வாங்க எனக்குத் தெம்பில்லை. இவங்களும் ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நானும் நம்பிட்டேன். நம்பணும்னு நினைச்சேன்.

மனைவி: சரி. அது எட்டு நாள் கதை. ஆஸ்பத்திரி வராந்தா? உங்க அக்கா என் ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்கினாங்க. "'பி'ல போட்டியா, போட்டியா"ன்னு. 'பி'யிலதான் போட்டேன் அண்ணின்னு நான் கத்தினேன். அப்ப நீங்க என்ன சொன்னீங்க?

கணவர்: வேண்டாம்...

மனைவி: "விடுக்கா, அவ என்ன வேணும்னா செஞ்சா? அவசரத்துல மறந்திருப்பா." எவ்வளவு பெருந்தன்மை! பெத்த அப்பா உள்ள துடிக்கிறார், இந்த மனுஷன் என்னை விட்டுக் குடுக்காமப் பேசுறாரேன்னு... அன்னிக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு எனக்கு.

கணவர்: அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துச்சு. வந்ததுக்கப்புறம் திருப்பி எடுக்க முடியலை.

மனைவி: நாலு மாசம் படுக்கையில கிடந்தார். புரட்டிப் படுக்க வைக்கிறப்ப எல்லாம் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டேன். 'பி'ல போட்டேனா, போடலையான்னு எனக்கே குழம்பிருச்சு. விரல் அந்தப் பட்டனை அழுத்தின ஞாபகமே இருக்கு, அப்புறம் அந்த ஞாபகமும் பொய்யோன்னு... இப்பல்லாம் அடுப்புக் கேஸை மூடிட்டு மூணு தடவை போய்ப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்துல, என் வகுப்புல வருகைப் பதிவு ரெண்டு தடவை எடுக்கிறேன். பிள்ளைங்க சிரிக்குதுங்க.

கணவர்: சொல்லணும்னு எத்தனையோ தடவை வந்தேன்.

மனைவி: வந்து?

கணவர்: நீ அப்பாவுக்குத் துணி மாத்திக்கிட்டிருப்பே.

மனைவி: அவர் போனதுக்கப்புறம்? அதுவும் ஏழு மாசம் ஆச்சே.

கணவர்: அப்புறம்... இனிமே சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு...

மனைவி: உங்க சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல என் பக்கத்துல உக்காராம பாயைத் தள்ளிப் போட்டு உக்காருறாங்க. அது ஆகிக்கிட்டுத்தான் இருக்கு.

அட்வைசர்: சார், முடிஞ்சது. ட்ரையல் பார்த்துரலாமா?

மனைவி: சரிவு ஏதாவது இருக்கா இங்க?

அட்வைசர்: பின்பக்கம் கழுவுற மேடை இருக்கு மேடம். நல்ல சரிவு.

மனைவி: அதுல நிறுத்தி, 'பி'ல போட்டு, இறங்கிக் காட்டுங்க. முன்னாடி யாரும் நிக்காமப் பார்த்துக்குங்க.

அட்வைசர்: ...சரிங்க மேடம். இந்தப் பார்ட்டை எடுத்துக்கிறேன். அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்.

கணவர்: உன் கால்ல வேணும்னாலும் விழுறேன். அக்காகிட்ட நானே சொல்றேன். இன்னிக்கே சொல்றேன். இத்தனை நாளா இதைத் தனியாச் சுமந்திருக்கேன், தெரியுமா? சத்தியமா ஒரு உயிருகிட்டகூட இதைச் சொன்னதில்லை.

மனைவி: ஒருத்தர்கிட்ட சொன்னீங்க.

கணவர்: யார்கிட்ட?

மனைவி: மாமாகிட்ட.

கணவர்: அது... அவருக்கு மருந்து குடுத்து நல்லாத் தூங்கினாரே... மத்தியானம், பக்கத்துல உக்காந்து சும்மா... உனக்கு எப்படி...?

மனைவி: அவர் தூங்கலை. நான் முகம் துடைச்சு விடுறப்ப எங்கிட்டச் சொல்லிட்டார். "நீ 'பி'யிலதான் போட்டேம்மா. அவனா சொல்லுவான், அதுவரைக்கும் நீ கேக்காதே. கேட்டா பொய் சொல்லிருவான்"னார். நான் கேக்கலை. எட்டு மாசம். தினமும் காலையில காபியைக் குடுத்துட்டு, இன்னிக்குச் சொல்லிருவீங்கன்னு ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டுத்தான் போவேன். கம்பெனிக்காரனே தப்பை ஒத்துக்கிட்டுக் கடுதாசி போட்டுட்டான், பாருங்க.